ஊர் முதலில், கோடு அப்புறம்

லோங்வா என்ற ஊரைப் பற்றிய உங்கள் கட்டுரையில், ஊர்த் தலைவர் ‘ஆங்’கின் வீட்டுக்குள் இந்திய-மியான்மர் எல்லை ஓடுவதைத்தான் பெரிய அதிசயமாக எழுதியிருக்கிறீர்கள். சரி, படிக்கச் சுவையாகத்தான் இருக்கிறது. ஆனால் நாகாலாந்தின் மோன் மாவட்டத்துக் கொன்யாக் மக்களின் அந்த ஊர், எல்லைக் கல்லுக்கு வெகுகாலம் முந்தையது. வீடு கோட்டின் மேல் இல்லை, கோடுதான் வீட்டின் மேல் விழுந்தது. ஆங் பதவி வழிவழியாக வருவது. மியான்மர் பக்கத்துக் கொன்யாக் ஊர்கள் பலவும் அவருக்குக் கட்டுப்பட்டவை.

நீங்கள் தொடாத விஷயம் வேலி. எல்லையோர மக்கள் இருபுறமும் 16 கி.மீ. வரை விசா இல்லாமல் போய்வர முடிந்தது. 2024 பிப்ரவரியில் அதை ரத்து செய்வதாகவும், 1,643 கி.மீ. எல்லைக்கும் வேலி போடுவதாகவும் ஒன்றிய அரசு அறிவித்தது. நாகாலாந்து சட்டமன்றம் எதிர்த்துத் தீர்மானம் போட்டது. ஆண்டுக் கடைசியில் அந்த 16 கி.மீ. 10 கி.மீ. ஆகச் சுருங்கி, அதற்கும் அனுமதிச் சீட்டு என்றானது. வீடு இங்கே, காட்டை எரித்துப் பயிரிடும் நிலம் அங்கே என்றிருப்பவர் என்ன செய்வார்?

முகத்தில் பச்சை குத்திய பெரியவர்களின் படங்கள் அருமை. தலைவேட்டைக் காலத்தின் கடைசி ஆட்கள் அவர்கள். ஏப்ரல் முதல் வாரம் கொன்யாக் மக்களின் ஆவோலிங் திருவிழா, அதையும் ஒருமுறை எழுதுங்கள்.