டொமைன் பெயருக்குப் பட்டா கிடையாது

“பாம்பன், தனுஷ்கோடி பெயரில் டாட் காம் வாங்கிப் போடுங்கள். ஒரு தடவை பணம் கட்டினால் ஆயுசுக்கும் உங்களுடையது. பிறகு அரசே லட்சக்கணக்கில் கொடுத்து வாங்கும்.” ராமேஸ்வரம், மண்டபம் பக்கம் வாட்ஸ்அப்பில் சுற்றும் இந்தச் செய்தி பொய்.

டாட் காம் என்று முடியும் டொமைன் பெயரை, அதாவது இணையதள முகவரியை, பதிவுதான் செய்ய முடியும், அதுவும் அதிகபட்சம் 10 ஆண்டுக்கு. புதுப்பிக்காமல் விட்டால் கொஞ்ச நாள் சலுகை, அப்புறம் கூடுதல் கட்டணத்தோடு மீட்க 30 நாள், அதற்கும் பின் நீக்கத்துக்கு 5 நாள். அதோடு பெயர் பொதுவில் வந்துவிடும், யாரும் எடுத்துக்கொள்ளலாம். மண்டபம் டீக்கடையில் ஒருவர் காட்டிய ‘உரிமைப் பத்திரம்’ முத்திரையோடு நிலப் பட்டா மாதிரியே இருந்தது. கடைசி வரியில், பொடி எழுத்தில், காலாவதி தேதி! அதைத்தான் அவர் படிக்கவில்லை.

அரசு வாங்கும் என்பதும் கதைதான். அரசுத் தளங்களுக்கென்றே ஜிஓவி டாட் இன், என்ஐசி டாட் இன் இருக்கின்றன. ராமநாதபுரம் மாவட்டத் தளமும் அதில்தான். உங்கள் டாட் காம் அவர்களுக்கு எதற்கு?

பெயர் விற்றுச் சம்பாதிப்பவர்கள் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் வாங்க ஆள் வரும்வரை புதுப்பிப்புக் கட்டணம் உங்கள் பையிலிருந்துதான் போகும். யாராவது பெயர் விற்க வந்தால், டொமைன் பெயர்களை உலகளவில் ஒருங்கிணைக்கும் ஐகான் (ICANN) அமைப்பின் தளத் தேடலில் அதைப் போட்டுப் பாருங்கள். காலாவதி தேதி இலவசமாகவே தெரியும்.