பத்துக் கோடி டாலர் தீவனம்

காட்டுக்குதிரைகளைப் பற்றி இங்கே அமெரிக்காவின் நெவாடா மாநிலத்து ரீனோ நகரில் யாரிடம் பேச்செடுத்தாலும் இரண்டே நிமிடத்தில் குரல் உயர்ந்துவிடும். மாடு வளர்ப்பவர் ஒரு பக்கம், குதிரை ஆர்வலர் மறு பக்கம். இருவரும் திட்டுவது மட்டும் ஒரே இடத்தை. அரசின் பொதுநிலங்களைப் பார்த்துக்கொள்ளும், பி.எல்.எம். என்று எல்லோரும் சுருக்கிச் சொல்லும் நில மேலாண்மைப் பணியகம்தான் அது. அந்தப் பணியகத்துக்கு வக்காலத்து வாங்க எனக்கு ஆசை இல்லை. ஆனால் இந்தத் திட்டு முக்கால்வாசி போய்ச் சேரவேண்டிய இடம் வாஷிங்டனில் இருக்கும் நாடாளுமன்றம் என்பது என் கட்சி.

கதை தொடங்குவதே இந்த ஊரில்தான். 1950இல் ரீனோவில் அலுவலகச் செயலாளராக இருந்த வெல்மா ஜான்ஸ்டன், வேலைக்குப் போகும் வழியில் முன்னால் சென்ற லாரியிலிருந்து ரத்தம் ஒழுகுவதைப் பார்த்தார். பின்தொடர்ந்து போனால், உள்ளே காட்டுக்குதிரைகள். நாய்த் தீவனம் செய்வதற்காக வண்டிகளாலும் விமானங்களாலும் துரத்திப் பிடித்துக்கொண்டு போன காலம் அது. அவர் விடவில்லை. பள்ளிப் பிள்ளைகளை நாடாளுமன்றத்துக்குக் கடிதம் எழுதவைத்தார். 1959இல் வாகனம் வைத்து வேட்டையாடுவதற்குத் தடை வந்தது. 1971 டிசம்பரில் நிக்சன் கையெழுத்திட்ட முழுப் பாதுகாப்புச் சட்டம், இரு அவைகளிலும் ஓர் எதிர்ப்புகூட இல்லாமல் நிறைவேறியது. அப்போது பொதுநிலத்தில் இருந்தவை குதிரையும் கழுதையுமாகச் சுமார் 25,000.

சட்டம் நல்ல சட்டம். சிக்கல், அதற்குப் பிறகு சேர்த்த வாசகங்களில் இருக்கிறது. நிலம் தாங்கும் எண்ணிக்கைக்கு மேல் போனால் கூடுதல் குதிரைகளை அகற்று என்கிறது சட்டம். தத்தெடுக்க ஆளில்லாதவற்றைக் கொல்லலாம் என்று 1978இல் திருத்தமும் செய்தார்கள். ஆனால் ஆண்டுதோறும் நிதி ஒதுக்கும்போது, ஆரோக்கியமான குதிரையைக் கொல்லவோ இறைச்சிக்கு விற்கவோ ஒரு டாலர்கூடச் செலவழிக்கக் கூடாது என்று எழுதிவிடுகிறார்கள். அந்தத் தடையை நான் முழுமனதோடு ஆதரிக்கிறேன். கேள்வி ஒன்றுதான்: அகற்றிய குதிரை எங்கே போகும்? அதற்கு இன்றுவரை நாடாளுமன்றத்தில் ஒருவரும் பதில் சொல்லவில்லை. சொல்லாத பதிலுக்கு வாடகை மட்டும் கட்டுகிறார்கள்.

வாடகை கொஞ்சநஞ்சம் இல்லை. பிடித்து அடைத்து வைத்திருப்பவை 60,000க்கும் மேல். அவற்றுக்குத் தீனி போட்டுப் பராமரிக்க ஆண்டுக்குப் பத்துக் கோடி டாலருக்கும் அதிகம் போகிறது. மொத்தக் குதிரைத் திட்டத்தின் பணத்தில் இது ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு. ஒரு குதிரை ஆயுள் முழுக்கப் பட்டியிலேயே கிடந்தால் 50,000 டாலர் வரை ஆகும் என்பது பணியகமே சொன்ன கணக்கு.

ரீனோவுக்கு வடக்கே பாலமினோ பள்ளத்தாக்கில் அப்படியொரு பெரிய பட்டி இருக்கிறது. யார் வேண்டுமானாலும் போய்ப் பார்க்கலாம். நான் போயிருக்கிறேன். மரம் கிடையாது. இரும்புக் குழாய் வேலி, காலுக்கடியில் சாணமும் புழுதியும், வேலியோரம் குதிரை மசால் தீவனக் கட்டுகளைப் பிரித்துப் போட்டிருந்தார்கள். ஒவ்வொன்றின் கழுத்திலும் கயிற்றில் கோத்த எண் அட்டை. இடப்பக்கக் கழுத்தில் முடியை மழித்து, திரவ நைட்ரஜனில் குளிரவைத்த இரும்பால் முத்திரை வைத்திருந்தார்கள். முத்திரை பட்ட இடத்தில் முடி வெள்ளையாக முளைக்கிறது. கோடும் கோணமுமாக இருக்கும் அந்த வெள்ளை எழுத்தில் பிறந்த ஆண்டும் பதிவு எண்ணும் அடக்கம். காயடித்த ஆண்குதிரைகள் ஒரு பட்டியில், பெட்டைகள் இன்னொன்றில். அடித்தார்கள், பட்டினி போட்டார்கள் என்று சொல்ல எனக்கு எதுவும் கண்ணில் படவில்லை. வேலிக்கு அப்பால் அதே மலைத்தொடர் முழுதாகத் தெரிகிறது, அதுதான் கொஞ்சம் கஷ்டமாக இருந்தது.

கூட்டம் கூட்டமாக அடைத்தால் நோயும் கூட்டமாகவே வரும். 2022இல் கொலராடோவின் கேனன் சிட்டி பட்டியில் குதிரைக் காய்ச்சல் பரவி 145 குதிரைகள் சில வாரங்களில் இறந்தன.

பிடிக்கும் முறையையும் சொல்லவேண்டும். தாழப் பறக்கும் ஹெலிகாப்டர் மந்தையைப் பல மைல் தூரம் நெட்டித் தள்ளிக்கொண்டு வருகிறது. பள்ளத்தாக்கின் வாயில் இருபுறமும் சணல் துணி கட்டி, போகப் போகக் குறுகும் பாதை அமைத்திருப்பார்கள். அதன் வாசலில் ஒருவர் பழக்கிய குதிரை ஒன்றைப் பிடித்துக்கொண்டு நிற்பார். மந்தை நெருங்கியதும் அதை அவிழ்த்துவிடுவார். அது நேரே பட்டிக்குள் ஓடும், மிரண்டு வரும் மந்தை அதைப் பின்தொடரும். நம்மூர்க் கும்கி செய்யும் வேலைதான். யூதாஸ் குதிரை என்று அதற்குப் பெயர். ஒருமுறை பார்வையாளர் மேட்டிலிருந்து பார்த்தேன். தாயைத் தவறவிட்ட குட்டி ஒன்று மந்தைக்கு வெகுதூரம் பின்னால் தனியாக ஓடிவந்தது.

இத்தனையும் செய்து பொதுநிலத்தில் எண்ணிக்கை குறைந்ததா? 2020இல் 95,000 வரை போனது, 2025இல் 73,000 அளவில் நின்றது. பணியகம் தகுந்தது என்று வைத்திருக்கும் அளவோ சுமார் 26,000. அள்ளிக்கொண்டே இருந்தாலும் ஏன் ஊறிக்கொண்டே இருக்கிறது என்பதை 2013இல் தேசிய அறிவியல் கழகத்தின் அறிக்கை தெளிவாகவே சொன்னது. மந்தையில் பாதியைப் பிடித்துக்கொண்டு போனால் மீதிக்குப் புல்லும் தண்ணீரும் தாராளம். வயிறு நிறைந்த பெட்டை தவறாமல் குட்டி போடும். ஆண்டுக்கு 15 முதல் 20 விழுக்காடு பெருகும் மந்தை நான்கைந்து ஆண்டுகளில் இரண்டு மடங்காகிவிடும். அகற்றுவதே பெருக்கத்துக்குத் தீனி போடுகிறது. கருத்தடையைப் பெரிய அளவில் கையில் எடுங்கள் என்றது அந்த அறிக்கை. கேட்டார்களா? 2022 நிதியாண்டில் அகற்றியவை 20,000க்கும் மேல், கருத்தடை ஊசி போட்டவை சுமார் 1,600. அதையே சாதனை என்று அறிவித்தார்கள்!

ஊசி வேலை செய்யுமா என்று கேட்பவர்களை ரீனோவுக்குக் கிழக்கே வர்ஜீனியா மலைத்தொடருக்கு அழைக்கிறேன். அங்கிருப்பவை மாநில அரசின் பொறுப்பில் உள்ள குதிரைகள். தன்னார்வலர்கள்தான் ஊசி போடுகிறார்கள். நான் பார்த்தபோது எழுபது வயது மதிக்கத்தக்க ஓர் அம்மா படச் சுவடியோடு வந்திருந்தார். நெற்றிச் சுழி, காலில் வெள்ளை எதுவரை என்று பார்த்தே ஒவ்வொரு பெட்டையையும் அடையாளம் சொல்கிறார். ஊசித் துப்பாக்கி சத்தம்கூடப் பெரிதாக இல்லை. பின்தொடையில் பட்டதும் பெட்டை பத்தடி ஓடி நின்று மறுபடி மேயத் தொடங்கியது. ஊசி தானே கீழே விழுந்தது. சேஜ் புதருக்குள் குனிந்து அதைத் தேடி எடுத்த பிறகுதான் அந்த அம்மா நோட்டில் குறித்தார்.

ஆனால் குதிரை ஆர்வலர்களிடம் எனக்கு மனத்தாங்கல் இருப்பதும் இங்கேதான். மனிதரைப் பார்த்துப் பழகிய இந்தக் குதிரைகளுக்குச் செல்லுபடியாவது, நடு நெவாடாவின் குதிரைகளுக்குச் செல்லாது. அரை மைலுக்கு அப்பால் ஆளைக் கண்டாலே அவை புழுதியாகிவிடும். அங்கே நடந்துபோய் ஆண்டுதோறும் ஊசி போடலாம் என்பது வெறும் பேச்சு. ஆகவே ஹெலிகாப்டரே கூடாது என்ற கோரிக்கையை என்னால் ஆதரிக்க முடியவில்லை. ஓட்டி வாருங்கள். சில ஆண்டுகள் பலன் நிற்கும் மருந்தை, பலனை நீட்டிக்கும் ஊக்க ஊசியோடு சேர்த்துப் பெட்டைகளுக்குப் போடுங்கள். பிறகு கதவைத் திறந்து அதே மலைக்கு விட்டுவிடுங்கள். லாரி ஏற்றுவது விதிவிலக்காக இருக்கட்டும். முதல் சில ஆண்டுகள் இரட்டைச் செலவு ஆகும், ஏற்கெனவே அடைத்தவற்றைச் சாகவிட முடியாது. அந்தச் செலவை ஒளிக்காமல் ஒதுக்குவது நாடாளுமன்றத்தின் கடமை.

தத்துக் கொடுத்துத் தீர்த்துவிடலாம் என்று 2019இல் தலைக்கு 1,000 டாலர் ஊக்கத்தொகை கொடுத்தார்கள். பணத்தை வாங்கிக்கொண்டு, இறைச்சிக்கு வாங்குபவர்கள் வரும் ஏலத்துக்குக் குதிரையை அனுப்பியவர்கள் உண்டு என்று 2021இல் ஒரு நாளேடு அம்பலப்படுத்தியது. 2025இல் நீதிமன்றம் திட்டத்தையே ரத்து செய்தது. போகட்டும்.

மாட்டுக்காரர்களுக்கும் ஒன்று. குதிரைக்கு மேலும் கீழும் முன்பற்கள் உண்டு, மாட்டைவிட அடியொட்டிக் கரம்பும் என்கிறீர்கள். உண்மை. மாட்டைப் பருவம் முடிந்ததும் இறக்கிவிடலாம், குதிரை ஆண்டு முழுக்க ஊற்றங்கரையை மிதித்துக்கொண்டே இருக்கும் என்கிறீர்கள். அதுவும் உண்மை. ஆனால் பணியகம் மேய்ச்சலுக்குத் திறந்துவைத்திருப்பது 15.5 கோடி ஏக்கர். குதிரைக்கென்று குறித்தது சுமார் 2.6 கோடி ஏக்கர், அதிலும் பெரும்பகுதியில் மாடு மேய்கிறது. கன்றோடு ஒரு பசு ஒரு மாதம் மேய நீங்கள் பல ஆண்டுகளாகக் கட்டிவந்தது 1.35 டாலர், விதி அனுமதிக்கும் அடிமட்டத் தொகை. எனவே குதிரைக்கென்று குறித்த அந்த இடங்களில் மட்டுமாவது, விற்க விரும்புபவர்களிடமிருந்து மேய்ச்சல் உரிமத்தை நியாய விலைக்கு அரசு வாங்கி ஓய்வு கொடுக்கட்டும். வேண்டாம் என்பவர் தொடர்ந்து மேய்க்கட்டும். அதற்கான பணம், பட்டியில் போடும் குதிரை மசாலைக் குறைத்தாலே கிடைக்கும்.