ஆன் ஒன்னா, ஆன் டூவா?

(ஹாலில் சோபா ஓரமாகத் தள்ளிக் கிடக்கிறது. பாட்டு ஓடுகிறது. எட்டு எண்ணிக்கைக்கு ஆடும் சல்சா ஜோடி நடனத்தை, ஆளுக்கொரு வீடியோ பார்த்துவிட்டு, கணேசனும் வசந்தியும் ஆடிப் பார்க்கிறார்கள்.)

கணேசன்: அஞ்சு, ஆறு, ஏழு... ஒண்ணு!

வசந்தி: ஐயோ, என் கட்டைவிரல்!

கணேசன்: ஒண்ணுல ஆம்பள இடது காலை முன்னாடி வைக்கணும். வெச்சேன். நீ ஏன் பின்னாடி போகல?

வசந்தி: ஒண்ணுல பொண்ணு வலது காலை முன்னாடி வைக்கணும்னு என் வீடியோவுல சொன்னாங்களே!

கணேசன்: அது எந்த ஊரு வீடியோ?

வசந்தி: நியூயார்க். ஆன் டூ. எடி டோரஸ்ங்கற நடன ஆசிரியர் பரப்பின பாணி. உங்களுது?

கணேசன்: லாஸ் ஏஞ்சலஸ். ஆன் ஒன்.

வசந்தி: விளங்கிடும்! நீங்க திசை மாத்துறது ஒண்ணுலயும் அஞ்சுலயும், நான் மாத்துறது ரெண்டுலயும் ஆறுலயும். உங்க இடது காலுக்கு நேர் எதிர்ல என் வலது கால்தானே நிக்குது?

கணேசன்: ஒரே ஒரு எண்ணிக்கை வித்தியாசம். அதுக்குப் போயி...

வசந்தி: கெட்டிமேளம் அடங்கினப்புறம் தாலி கட்டியிருந்தா எங்கப்பா விட்டிருப்பாரா? கோங்கா மேளத்துல ரெண்டாவது எண்ணிக்கைக்கு 'சட்'டுன்னு ஒரு அறை விழும். அதுலதான் நான் திரும்புறேன்.

கணேசன்: எனக்கு மேளமே கேக்கலியே.

வசந்தி: அப்ப உங்களுக்கு ஆன் ஒன்தான் சரி. புதுசா கத்துக்கறவங்களுக்கு ஒண்ணு சுலபமா காதுல விழும். நானே உங்க வழிக்கு வரேன். ஆனா நாலுலயும் எட்டுலயும் கால் மாத்தாதீங்க.

கணேசன்: சும்மா நின்னா ஒரு மாதிரி இருக்கேன்னு ஒரு மிதி மிதிச்சேன்.

வசந்தி: அந்த மிதியாலதான் அடுத்த ஒண்ணுக்கு வலது கால் வருது! அடியும் பாதம் நீளத்துக்கு மேல வேண்டாம். நீங்க வாய்க்கால் தாண்டுறீங்க.

கணேசன்: பேசாம கியூபா பாணிக்குப் போயிடலாமா? அங்க அடிப்படை ஸ்டெப்புல ஒண்ணுக்கு ரெண்டு பேருமே பின்னாடிதானே போறாங்க?

வசந்தி: விரல் தப்பிக்கும், டீப்பாய் தப்பிக்காது. உங்க லாஸ் ஏஞ்சலஸும் என் நியூயார்க்கும் ஒரே கோட்டுல போயி வரும், நம்ம ஹாலுக்குப் போதும். கியூபாவுல ஒருத்தரை ஒருத்தர் வட்டமா சுத்தணும்.

கணேசன்: கொலம்பியாவுல காலின்னு ஒரு ஊரு. அங்க உடம்பு ஆடாம கால் மட்டும் பறக்குது!

வசந்தி: நிமிஷத்துக்கு 33 சுத்துல ஓட வேண்டிய இசைத்தட்டை 45 சுத்துல வேகமா ஓட்டி ஆடின ஊருங்க அது. நீங்க ஆடினா கீழ்வீட்டுக்காரங்க மேல வந்துடுவாங்க. அதுவும் இந்த ரப்பர் செருப்போட! திரும்புறப்போ செருப்பு தரையைப் பிடிச்சுக்கும், முட்டி மட்டும் திரும்பும்.

கணேசன்: சரி, கியூபாவுல பல ஜோடி வட்டமா நின்னு ஆடுறாங்களே, அது?

வசந்தி: ரூவேதா. ஒருத்தர் 'டாமே'ன்னு குரல் குடுத்தா எல்லாரும் அடுத்த ஜோடிக்கு மாறிடணும்.

கணேசன்: மாறணுமா? உனக்குப் பரவாயில்லையா?

வசந்தி: தாராளமா மாறுங்க. என் விரலுக்கும் கொஞ்சம் ஓய்வு கிடைக்கும்.