ராமானுஜனுக்கு யார் சொல்லிக் கொடுத்தது?

ஒவ்வொரு டிசம்பர் 22 அன்றும், அவர் பிறந்தநாளில், கணித மேதை ராமானுஜன் நம் டைம்லைனுக்கு வந்துவிடுகிறார். கூடவே அவர் குலதெய்வமான நாமக்கல் நாமகிரித் தாயாரும் வருகிறார். கனவில் தாயார் சூத்திரம் எழுதிக் காட்டினார், இவர் விடிந்ததும் எழுந்து குறித்துக்கொண்டார், கதை முடிந்தது. இன்னொரு கோஷ்டி எதிர்ப்பாட்டு பாடும்: கேம்பிரிட்ஜ் கணித அறிஞர் ஹார்டி மட்டும் இல்லாவிட்டால் மனிதர் சென்னைத் துறைமுகத்தில் கணக்கெழுதியே காலம் தள்ளியிருப்பார் என்று. எனக்கு இரண்டு கதைகளிலும் ஒரே குறைதான். ராமானுஜன் உட்கார்ந்து வேலை பார்த்தார் என்பது இரண்டிலுமே இல்லை.

அவர் நாமகிரியை நம்பினாரா? ஊர்க்காரர்களும் நண்பர்களும் சொன்னதைப் பார்த்தால் சந்தேகமே வேண்டாம். ஆனால் ஹார்டி இதை ஏற்கவில்லை. எல்லா மதங்களும் ஏறக்குறைய ஒரே அளவுக்கு உண்மைதான் என்று ராமானுஜன் தன்னிடம் சொன்னதாக எழுதி வைத்திருக்கிறார். யாரும் பொய் சொல்லியிருக்க வேண்டியதில்லை என்பது என் கணிப்பு. கடல் கடந்து போயும் தன் சாப்பாட்டைத் தானே சமைத்துக்கொண்டிருந்த ஓர் அய்யங்கார், ஊரறிந்த நாத்திகரான ஹார்டியிடம் சாமியைப் பற்றி எவ்வளவு பேசியிருப்பார்? சரி, நம்பினார் என்றே இருக்கட்டும். ஒருவர் எதை நம்பினார் என்பது வேறு, அவர் கணக்கு எப்படி வந்தது என்பது வேறு. இரண்டாவது கேள்விக்கு விடை தேட நல்ல இடம் ஒன்று இருக்கிறது. அவருடைய தவறுகள்.

1913 ஜனவரியில் ஹார்டிக்கு எழுதிய அந்தப் புகழ்பெற்ற கடிதத்திலேயே தவறுகள் உண்டு. ஓர் எண்ணுக்குள் எத்தனை பகா எண்கள் உண்டு என்பது பற்றி அவர் சொன்னது அவர் நினைத்த அளவுக்குத் துல்லியமாக இல்லை. எங்கே சறுக்கினார் என்பதையும் ஹார்டியும் அவருடைய சக கணிதர் லிட்டில்வுட்டும் கண்டுபிடித்துவிட்டார்கள். பகா எண்களை ஆராய உதவும் ஸீட்டா சார்பு (function) என்று ஒன்று உண்டு; அதன் மதிப்பைப் பூச்சியமாக்கும் கலப்பெண்களே (√−1 கலந்த எண்கள்) கிடையாது என்றால் எந்த விடை வருமோ, அந்த விடைதான் அவருக்கு வந்திருந்தது. கலப்பெண் சார்புகளின் கோட்பாடு அப்போது அவர் கைக்கு எட்டியிருக்கவில்லை. தெரிந்ததை வைத்து, ஒழுங்கான ஒரு முறையில் போய், தெரியாத இடத்தில் முட்டிக்கொண்டிருக்கிறார். இது கனவில் வந்த விடை மாதிரியா இருக்கிறது?

அதே கடிதத்தில் இன்னொரு தவறான சூத்திரம் உண்டு. அதை அவருடைய மிகப் பயனுள்ள கூற்றுகளில் ஒன்று என்று ஹார்டி பின்னாளில் எழுதினார். அதைச் சரிசெய்யப் போன வழியில்தான், ஓர் எண்ணை எத்தனை விதமாகக் கூட்டுத்தொகையாகப் பிரிக்கலாம் என்ற ஆராய்ச்சியில் இருவரும் இறங்கினார்கள். 5-ஐ 5, 4+1, 3+2, 3+1+1 என்று 7 விதமாகப் பிரிக்கலாம், வரிசை மாறினால் கணக்கில்லை. 200-ஐ? 3,972,999,029,388 விதமாக. மக்மஹோன் என்ற ஆங்கிலேயக் கணிதர் கையாலேயே கணக்கிட்டுச் சொன்ன எண் இது. 1918-இல் வெளியான ஹார்டி–ராமானுஜன் சூத்திரம் இதே எண்ணில் கொண்டுபோய் நிறுத்தியது.

அப்புறம் அந்த ‘நிரூபணமே தெரியாதவர்’ என்கிற பேச்சு. பள்ளி நாட்களில் அவருக்குக் கிடைத்த கார் என்பவருடைய புத்தகம், கேம்பிரிட்ஜ் தேர்வுக்குத் தயாராகிறவர்களுக்கான தொகுப்பு. ஆயிரக்கணக்கான முடிவுகள் வரிசையாக இருக்கும், விளக்கம் ஓரிரு வரிதான். ராமானுஜனின் நோட்டுகளும் அதே அச்சில்தான் இருக்கின்றன. போதாததற்குக் காகிதம் வாங்கக் காசில்லை. சிலேட்டில் போட்டுப் பார்த்து, முழங்கையால் அழித்துவிட்டு, முடிவை மட்டும் நோட்டில் ஏற்றினார். நமக்கு மிஞ்சியது விடைத்தாள். வழிமுறை சிலேட்டோடு போய்விட்டது. அந்த நோட்டுகளில் 3,000-க்கும் மேற்பட்ட முடிவுகள் இருக்கின்றன, உண்மையிலேயே தவறானவை மிகச் சொற்பம். சரிபார்க்காமல் இப்படி எழுத முடியாது.

1729 கதையையும் இங்கே சொல்லிவிடலாம். நோயில் படுத்திருந்தவரைப் பார்க்க ஹார்டி வந்த டாக்ஸியின் எண் 1729; அதைக் கேட்ட மாத்திரத்தில் ராமானுஜன் சொன்னாராம்: இரண்டு கன எண்களின் கூட்டுத்தொகையாக இரண்டு விதத்தில் எழுதக்கூடிய மிகச் சிறிய எண் என்று. சொன்னது உண்மைதான். 1 + 1728, 729 + 1000. ஆனால் இங்கிலாந்து போவதற்கு முன்பே இந்த வகைச் சமன்பாடுகளோடு அவர் மல்லுக்கட்டிக்கொண்டிருந்ததற்கு நோட்டுகள் சாட்சி. பிரெஞ்சுக்காரர் ஃபிரெனிக்கிள் 1657-லேயே இந்த எண்ணைக் குறிப்பிட்டிருக்கிறார் என்பது தனிக்கதை.

ஹார்டி கண்டெடுத்தார் என்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. 1907-இல் இந்தியக் கணிதக் கழகத்தைத் தொடங்கிய வி. ராமஸ்வாமி அய்யர் ஒரு டெபுடி கலெக்டர். வேலை கேட்டு வந்த ராமானுஜனின் நோட்டைப் பார்த்துவிட்டு, இவரைத் தாலுக்கா ஆபீஸில் போட்டால் பாவம் என்று சென்னைக்கு அனுப்பி வைத்தவர் அவர். மாதச் செலவுக்குப் பணம் கொடுத்தவர் ராமச்சந்திர ராவ். துறைமுகக் கழகத்தில் 30 ரூபாய் சம்பளத்தில் இருந்த ராமானுஜனோடு சேர்ந்து சிலேட்டும் கையுமாகக் கணக்குப் போட்டவர் அங்கே மேலதிகாரியாக இருந்த நாராயண அய்யர். முதல் ஆராய்ச்சிக் கட்டுரை 1911-இல் இந்தியக் கணிதக் கழக இதழில்தான் வந்தது. கப்பல் ஏறும் முன்பே சென்னைப் பல்கலைக்கழகம் மாதம் 75 ரூபாய் உதவித்தொகை கொடுத்தது. ஹார்டி செய்தது பெரிய காரியம், மறுக்கவே முடியாது. ஆனால் இவர்கள் பெயர் நம் பதிவுகளில் ஏன் வருவதே இல்லை?

1920-இல் 32 வயதில் இறந்தார். காசநோய் என்றார்கள். கல்லீரலைத் தாக்கிய அமீபா நோயாக இருக்கலாம் என்று 1994-இல் ஒரு மருத்துவர் எழுதினார். எதுவானால் என்ன, அதற்குப் பிறகு நடந்ததுதான் எனக்கு வயிற்றெரிச்சல். நோட்டுகளின் ஒளிநகலை 1957-இல் பம்பாய் டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனம் வெளியிட்டது. ஒவ்வொரு வரிக்கும் நிரூபணத்தோடு ஐந்து தொகுதிகளாகப் பதிப்பித்து முடித்தவர் அமெரிக்கர் புரூஸ் பெர்ண்ட், 1985 முதல் 1998 வரை. கடைசிக் காலத் தாள்கள் கேம்பிரிட்ஜ் டிரினிட்டி கல்லூரி நூலகத்தில் கிடந்ததை 1976-இல் கண்டெடுத்த ஜார்ஜ் ஆண்ட்ரூஸும் அமெரிக்கர்தான். கணவருக்குச் சிலை வைப்பதாகச் சொன்னார்களே, எங்கே என்று ராமானுஜனின் மனைவி ஜானகி அம்மாள் முதுமையில் பேட்டியில் கேட்டார். ரிச்சர்ட் ஆஸ்கி என்ற அமெரிக்கக் கணித அறிஞர் பல நாட்டுக் கணிதர்களிடம் நன்கொடை திரட்டி, மார்பளவுச் சிலை செய்வித்து அனுப்பினார். நாம் பிறந்தநாளைக் கணித தினம் ஆக்கினோம்.

அந்தக் கணித தினத்தில் மாறுவேடப் போட்டியில் பிள்ளைகளுக்கு நாமம் போட்டுவிடுவதற்குப் பதிலாக, 1911-இல் அவர் இந்தியக் கணிதக் கழக இதழில் வாசகர்களுக்கு விட்ட புதிரைக் கரும்பலகையில் எழுதலாம். மாதக்கணக்கில் காத்தும் யாரும் விடை அனுப்பாத புதிர் அது. √(1 + 2√(1 + 3√(1 + 4√(1 + …)))) எவ்வளவு? விடை 3. 3 என்பது √9, அதாவது √(1 + 2×4). அந்த 4 என்பது √16, அதாவது √(1 + 3×5). அடுத்து 5 என்பது √25, அதாவது √(1 + 4×6). இதுவரை பத்தாம் வகுப்புப் பிள்ளை தானே போட்டுவிடும். இப்படியே முடிவில்லாமல் போகலாமா, போனால் விடை 3 தான் என்று எதை வைத்துச் சொல்வது என்று அந்தப் பிள்ளை கேட்டால், ஆசிரியர் அன்று பாடத்திட்டத்தை ஓரமாக வைத்துவிட வேண்டியதுதான்.