எங்கள் ஓட்டுக்கு மட்டும் ஏன் மூன்றில் ஒரு பங்கு மதிப்பு?

நேற்று ராத்திரியிலிருந்து வயிறு எரிகிறது. எழுதினால்தான் ஆறும்.

எங்கள் அபார்ட்மென்ட் கூட்டத்தில் தொகுதி மறுவரையறை, அதாவது மக்கள்தொகைக்கு ஏற்பத் தொகுதிகளின் எண்ணிக்கையையும் எல்லையையும் மாற்றுவது பற்றிப் பேச்சு வந்தது. மூணாவது மாடி சார் ஆரம்பித்தார். "வடக்கே சீட்டு ஏறும், நம்ம 39 அப்படியே கெடக்கும், இல்லன்னா குறையும்." எல்லாரும் ஆமாம் போட்டார்கள். நானும்தான். குடும்பக் கட்டுப்பாடு செய்யச் சொன்னபோது கேட்டு நடந்த மாநிலத்துக்கு அதையே தண்டனையாக்குவது பச்சை அநியாயம். 1962 தேர்தலில் 41 எம்.பி.க்களை அனுப்பிய தமிழ்நாடு 1967இல் 39க்கு இறங்கியது. இன்னொன்று குறைந்தால் நானே தெருவில் இறங்குவேன்.

"சரி சார், நம்ம தொகுதிக்குப் போட்ட கோடு நியாயமா இருக்கா?" என்று கேட்டேன். ஒருத்தர் வாய் திறக்கவில்லை. "அதெல்லாம் அதிகாரிங்க பாத்துப்பாங்கம்மா, நமக்கு எதுக்கு?" என்று ஒரு பெரியவர் பேச்சை லிஃப்ட் ரிப்பேருக்குத் திருப்பிவிட்டார்.

எதுக்கா? நாம் இருப்பது சோழிங்கநல்லூர் தொகுதி. 2021 தேர்தலில் இங்கே வாக்காளர்கள் ஆறரை லட்சத்துக்கும் மேல். தமிழ்நாட்டிலேயே பெரிய தொகுதி இதுதான். அதே தேர்தலில், அதே சென்னையில், துறைமுகம் தொகுதியில் 2 லட்சம் பேர்கூட இல்லை. அங்கேயும் ஒரு எம்.எல்.ஏ., இங்கேயும் ஒரு எம்.எல்.ஏ. தொகுதி மேம்பாட்டு நிதி வருஷத்துக்கு 3 கோடி ரூபாய், எல்லாருக்கும் ஒரே அளவு. அந்தக் கணக்கை வைத்து வகுத்துப் பாருங்கள். அங்கே தலைக்கு 150 ரூபாய்க்கு மேல். இங்கே 50 ரூபாய்கூடத் தேறாது. துறைமுகத்துக்காரர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை, அவர்களுக்கும் அது போதாது. ஆனால் அவர்கள் மூன்று பேர் போடும் ஓட்டுக்கு மூன்று ஓட்டின் மதிப்பு, நாங்கள் மூன்று பேர் போட்டால் ஒன்றின் மதிப்பு என்றால், இதற்குப் பெயர் சம வாக்குரிமையா?

எங்கள் தெரு மழைநீர் வடிகால் பாதியில் நிற்கிறது. கான்கிரீட் பெட்டி எங்கள் கேட்டுக்கு நாலு வீடு தள்ளி வந்து மண் சுவரில் முட்டுகிறது. கார்த்திகையில் அந்த வாயிலிருந்து தண்ணீர் பொங்கி, ஸ்கூட்டி சைலன்ஸர் வரை நிற்கும். மூன்று வருஷமாக மனு எழுதுகிறேன். போன தடவை ஒரு அலுவலகத்தில் மேஜைக்குப் பின்னால் இருந்தவர் கட்டுக் கட்டாக மனுக்களைக் காட்டி, "நாங்க என்னம்மா செய்யறது, இந்தப் பக்கம் ஜனத்தொகை அப்படி" என்றார். ஜனம் அப்படித்தான். அது தெரிந்தும் யாரும் கோட்டைத் திருத்தவில்லையே!

இப்போது இருக்கும் எல்லைகள் 2008இல் வந்தவை. நீதிபதி குல்தீப் சிங் தலைமையிலான ஆணையம் 2001 மக்கள்தொகைக் கணக்கை வைத்து வரைந்தது. சோழிங்கநல்லூர் என்ற தொகுதியே அப்போது பிறந்ததுதான். 2001இன் ஓ.எம்.ஆர். (பழைய மகாபலிபுரம் சாலை) எங்கே, இன்றைய ஓ.எம்.ஆர். எங்கே! வந்ததெல்லாம் ஐ.டி. கம்பெனிக்காரர்கள் என்று நினைக்காதீர்கள். கண்ணகி நகர், சுனாமிக்குப் பிறகு செம்மஞ்சேரி, அப்புறம் பெரும்பாக்கம். நகரத்துக்குள்ளிருந்து அரசாங்கமே பெயர்த்து எடுத்து வந்து வைத்த ஏழைக் குடும்பங்கள். மூன்று குடியிருப்பும் இந்த ஒரே தொகுதிக்குள்.

எங்கள் வீட்டில் வேலை செய்யும் அக்கா பெரும்பாக்கத்திலிருந்து வருகிறார். சென்ட்ரல் பக்கம் கூவம் கரையில் பிறந்து வளர்ந்தவர். வீட்டை இடித்து, லாரியில் ஏற்றி இங்கே இறக்கிவிட்டார்கள். பழைய வேலை போச்சு, பசங்க ஸ்கூல் போச்சு. கூடவே ஓட்டின் பலமும் போச்சு என்பதை யாரும் அவரிடம் சொல்லவில்லை. அவர் விட்டுவந்த பக்கத்துத் தொகுதிகள் எதுவும் இதில் பாதிகூட வராது. நான் கணக்கைச் சொன்னதும் கையிலிருந்த பாத்திரத்தை வைத்துவிட்டு, "அப்ப அங்கயே இருந்திருந்தா எங்க பேச்சு இன்னும் கொஞ்சம் ஏறியிருக்குமாம்மா?" என்று கேட்டார். எனக்குப் பதில் சொல்ல நா எழவில்லை.

அரசியலமைப்பின் 170ஆவது பிரிவு, ஒவ்வொரு தொகுதியின் மக்கள்தொகையும் இயன்றவரை மாநிலம் முழுக்க ஒரே அளவில் இருக்க வேண்டும் என்கிறது. 2026க்குப் பிறகு எடுக்கும் முதல் கணக்கெடுப்பு வரை தொகுதிகளின் எண்ணிக்கையிலும் எல்லையிலும் கை வைக்கக் கூடாது என்று 84ஆவது திருத்தம் கட்டிப் போட்டது. மாநிலங்களின் எம்.பி. எண்ணிக்கையைக் காப்பாற்ற அந்தக் கட்டு வேண்டும், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஒரே ஊருக்குள் தொகுதிக்குத் தொகுதி இத்தனை வித்தியாசம் இருப்பதைச் சரிசெய்தால் உத்தரப் பிரதேசத்துக்கு ஒரு சீட்டு கூடிவிடுமா? இரண்டும் வேறு வேறு பிரச்சினை. இரண்டையும் ஒரே மூட்டையாகக் கட்டிப் பரணில் போட்டுவிட்டார்கள், நாமும் அண்ணாந்துகூடப் பார்க்கவில்லை.

வரப்போவதை நினைத்தால் இன்னும் பதறுகிறது. அடுத்த கணக்கெடுப்பின் குறிப்புத் தேதி, அதாவது எந்த நாளின் மக்கள்தொகையைக் கணக்கில் எடுப்பார்களோ அந்த நாள், 2027 மார்ச் 1. அதன்பின் ஆணையம் வந்தால், 2002 தொகுதி மறுவரையறைச் சட்டத்தில் இருந்த மாதிரியே, மாநிலத்தின் 5 எம்.பி., 5 எம்.எல்.ஏ. ஆணையத்தோடு உட்காரலாம், ஓட்டுப் போட முடியாது. இறுதி ஆணை அரசிதழில் வந்துவிட்டால் சட்டமன்றம்கூட ஒரு எழுத்தை மாற்ற முடியாது. அப்படியென்றால் நமக்கு மிச்சம், வரைவு வந்த பிறகு ஆட்சேபம் சொல்லக் கிடைக்கும் அந்தக் கொஞ்ச நாள்தான். அரசிதழ் படிக்கிறவர் நம் தெருவில் யார்? பத்திரிகை மூலையில் வரும் அறிவிப்பு அக்காவின் எட்டாவது மாடிக்கு எப்படிப் போய்ச் சேரும்?

வரைவைத் தெருப் பெயரோடு தமிழில் போடுங்கள். வரைபடத்தை ரேஷன் கடை வாசலில் ஒட்டுங்கள், அங்கேதான் எல்லாரும் நிற்கிறோம். கருத்துக் கேட்புக் கூட்டத்தை ஊருக்கு நடுவே ஏசி மண்டபத்தில் வைக்காமல் பெரும்பாக்கத்தில் வையுங்கள், ஞாயிற்றுக்கிழமை வையுங்கள், அன்றைக்குத்தான் அக்காவுக்கு லீவு. அவரை நான் கூட்டிக்கொண்டு வருகிறேன். அந்த மூணாவது மாடி சாரையும்.