சுணங்கினால் சுணங்கட்டும்

2025 ஜூலை 15, செவ்வாய்க்கிழமை, பின்னேரம் மூன்று மணி. திருகோணமலை திருக்கடலூரில் ஒரு மீன்வாடிக்குள் இருந்தேன். வெளியே கச்சான் காற்று மணலை வாரி அடித்துக்கொண்டிருந்தது. வலை பொத்திக்கொண்டிருந்த நாலு பேரும் ஊசியை வைத்துவிட்டு என் போனைச் சுற்றிக் குந்திவிட்டார்கள். இந்திய விண்வெளி வீரர் சுபான்ஷு சுக்லா விண்வெளியிலிருந்து திரும்பி வருகிற நேரம் அது.

கலிபோர்னியாவுக்கு அப்பால் பசுபிக் கடல். அங்கே நடுச்சாமம் கடந்து இரண்டரை மணி. இருட்டில் எடுக்கும் கமரா என்பதால் படம் முழுக்கச் சாம்பல் நிறம். நாலு பரசூட்டும் விரிந்தபோது நான் கைதட்டினேன். சம்மாட்டி அண்ணை கைதட்டவில்லை. போனைக் கிட்ட இழுத்து, "அலை என்ன உயரம் மாஸ்டர்? இருட்டுக்குள்ள ஏன் இறக்கிறாங்கள்?" என்று கேட்டார். கலம் தண்ணீரில் விழுந்ததும் இரண்டு சின்னப் படகுகள் ஓடிப்போயின. அதில் போனவர்கள் உடனே கதவைத் திறக்கப் போகவில்லை. முதலில் நச்சு வாயு கசிகிறதா என்று பார்த்தார்கள். பிறகு கயிறு கொளுவி, பெரிய கப்பலுக்கு இழுத்து, உள்ளே ஆட்கள் இருக்கவே கலத்தை அப்படியே தூக்கித் தளத்தில் வைத்தார்கள். "கொளுவுற விதத்தைப் பார். பழகின கை" என்றார் அண்ணை. நாற்பது வருடம் கடலில் கழித்தவரின் பாராட்டு ரொக்கெட்டுக்குக் கிடைக்கவில்லை, அந்தக் கயிறு கொளுவியவனுக்குத்தான் கிடைத்தது.

அன்றிலிருந்து எழுத நினைத்த பதிவு இது. எழுத வைத்தது என் வகுப்புப் பொடியன் ஒருவன்.

நான் உயர்தரத்துக்குப் பௌதிகவியல் படிப்பிக்கிறவன். போன கிழமை வட்ட இயக்கம் படிப்பித்துக்கொண்டிருக்கும்போது இந்தியா சொந்தக் கலத்தில் ஆட்களை விண்வெளிக்கு அனுப்பப்போகிற ககன்யான் திட்டம் பற்றிக் கதை வந்தது. "சேர், 2022 எண்டாங்கள். இன்னும் ஒருத்தரும் போகேல்ல. சீனா ஸ்டேஷனே கட்டி முடிச்சிட்டுது" என்றான். வகுப்பே சிரித்தது. அவன் சொன்னதில் பிழை இல்லை. 2018 ஓகஸ்ட் 15 அன்று செங்கோட்டையில் மோடி அறிவித்தபோது சொன்ன கெடு 2022தான். இப்போது சொல்லப்படுவது 2027. சீனாவின் யாங் லிவெய் 2003 ஒக்டோபரிலேயே சொந்த நாட்டுக் கலத்தில் போய்த் திரும்பிவிட்டார். தியான்கொங் நிலையம் 2022இல் கட்டி முடிந்தது, அதில் மும்மூன்று பேராக ஆறு மாதம் இருந்து வருகிறார்கள். இந்தியாவின் ராகேஷ் சர்மா 1984இல் போனது சோவியத் கலத்தில். 41 வருடம் கழித்து சுக்லா போனதும் அமெரிக்கக் கலத்தில்தான்.

ஆனால் அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை. சுணக்கம் என்றால் கையாலாகாத்தனம் என்று அந்தப் பிள்ளைகள் எடுத்துக்கொண்டுவிட்டார்கள். கடற்கரையில் வளர்ந்த பிள்ளைகள் அப்படி நினைக்கலாமா?

அந்தச் சுணக்கத்துக்குள்ளே என்ன நடந்தது என்று பாருங்கள். 2023 ஒக்டோபர் 21, ஸ்ரீஹரிகோட்டா. ரொக்கெட் பாதி வழியில் பழுதுபட்டால் ஆட்கள் இருக்கும் கலத்தைப் பிய்த்து எடுத்துக்கொண்டு தப்பிக்க முடியுமா என்ற சோதனை. ஆளில்லாத கலம்தான். புறப்பட ஐந்து வினாடி இருக்கும்போது கணினி தானாக நிறுத்தியது. உலகமே நேரலையில் பார்த்துக்கொண்டிருந்த நேரம். பிழையைக் கண்டுபிடித்துத் திருத்தி, பத்து மணிக்கு ஏவினார்கள். சுமார் 17 கிலோமீற்றர் உயரம் போய், பரசூட் விரிந்து, வங்காள விரிகுடாவில் விழுந்தது. வெற்றி. ஆனால் இந்தியக் கடற்படை கிட்டப் போய்ப் பார்த்தபோது கலம் தலைகீழாகக் கவிழ்ந்து மிதந்தது.

இதை வாடியில் சொன்னபோது ஒருவரும் சிரிக்கவில்லை. கவிழ்ந்த வள்ளத்துக்குள் அகப்பட்டால் என்ன நடக்கும் என்று அவர்களுக்குத் தெரியும். கலத்தை நிமிர்த்துவதற்கென்றே காற்றடைத்த மிதவைகள் வேண்டும், அந்தச் சோதனைக் கலத்தில் அவை பொருத்தப்படவில்லை. பிறகு அதற்கும் வேலை நடந்தது, பரசூட்டுக்கும் நடந்தது. 2025 ஓகஸ்ட் 24 அன்று ஐந்து தொன்னுக்குக் கிட்டிய ஒரு மாதிரிக் கலத்தை ஹெலிகொப்டரில் மூன்று கிலோமீற்றர் உயரத்துக்குத் தூக்கிப்போய்க் கீழே விட்டுப் பார்த்தார்கள். மொத்தம் பத்துப் பரசூட், ஒன்றன்பின் ஒன்றாக விரிய வேண்டும். கடைசியில் விரிகிற மூன்று பெரிய பரசூட்டில் ஒன்று விரியாவிட்டாலும் மற்ற இரண்டும் ஆட்களைப் பத்திரமாக இறக்க வேண்டும். ஒரு தாய் பிள்ளையைப் பயணம் அனுப்பும்போது பையைத் திரும்பத் திரும்பத் திறந்து பார்ப்பாளே, அந்தப் பார்வை இது. இதற்கு வருடங்கள் பிடிக்கத்தான் செய்யும்.

சுக்லாவின் பயணமும் லேசில் நடக்கவில்லை. 2025 ஜூன் 11 அன்று போக வேண்டியது ஃபால்கன் ரொக்கெட்டில் திரவ ஒக்சிசன் கசிந்ததால் நின்றது. கசிவைத் திருத்தி, கடுங்குளிர் நிலையில் திரும்பச் சோதித்த பிறகே ஏவ வேண்டும் என்று இஸ்ரோ சொன்னது. அதன் தலைவர் வி. நாராயணன் கன்னியாகுமரி மாவட்டத்துக்காரர், தமிழ்வழியில் படித்தவர். அடுத்தவன் நாட்டில், அடுத்தவன் ரொக்கெட்டுக்கு முன்னால் நின்று "பொறுங்கோ" என்று சொல்வதற்கு ஒரு நெஞ்சு வேண்டும். ஜூன் 25 அன்றுதான் அது கிளம்பியது. இரண்டு கிழமைச் சுணக்கம், நாலு உயிர். இந்தக் கதையை இனி ஒவ்வொரு வருடமும் என் வகுப்பில் சொல்லப்போகிறேன்.

அவசரப்பட்டவர்களின் கதையும் இருக்கிறது. 1967 ஏப்ரல் 24, சோவியத்தின் சோயுஸ் 1. பரசூட் சரியாக விரியாமல் விளாடிமிர் கொமரோவ் தரையில் மோதி இறந்தார். அந்தக் கலத்தின் குறைகள் தெரிந்திருந்தும், அமெரிக்காவோடு இருந்த போட்டியில் அதை அனுப்பினார்கள். 1986 ஜனவரி 28, அமெரிக்க விண்ணோடம் சலஞ்சர். அன்று கடுங்குளிர், இறப்பர் வளையம் விறைத்துவிடும், ஏவவேண்டாம் என்று முதல்நாள் இரவே பொறியியலாளர்கள் மன்றாடினார்கள். கேட்கவில்லை. ஏழு பேர் போனார்கள். 2003 பெப்ரவரி 1 அன்று கொலம்பியா உடைந்தபோது கல்பனா சாவ்லாவுக்காக இங்கேயும் அழுதோம், எனக்கு நல்ல ஞாபகம்.

சீனாவைக் குறைத்துச் சொல்லவும் நான் வரவில்லை. 2025 நவம்பரில் சென்சோ 20 கலத்தின் கண்ணாடியில் விண்குப்பை பட்டு வெடிப்பு விழுந்தது என்றதும், குறித்த நாளில் ஆட்களை இறக்காமல் நிறுத்தினார்கள். பத்து நாள்போல் கழித்து, நவம்பர் 14 அன்று, வேறு கலத்தில் இறக்கினார்கள். சுணங்கினார்கள், பிழைத்தார்கள். அந்தப் பொடியனிடம் இதையும் சொன்னேன்.

அந்த நாட்களில் என் மனதைக் குடைந்தது வேறொன்று. வானத்தில் ஆட்கள் வாழ்கிற வீடு இரண்டுதான் இருக்கிறது, சர்வதேச விண்வெளி நிலையமும் சீனாவின் தியான்கொங்கும். ஒன்றில் இருப்பவர்களுக்கு ஆபத்து வந்தால் மற்றதில் இருப்பவர்கள் போய்த் தூக்கிவர ஒரு ஏற்பாடும் இல்லை. 2011இல் அமெரிக்கா கொண்டுவந்த சட்டம் நாசாவைச் சீனாவோடு நேரடியாகச் சேர்ந்து வேலை செய்யவிடாமல் தடுக்கிறது. இனி இந்தியா 2035இல் தன் நிலையம், 2040இல் நிலவில் இந்தியர் என்கிறது. சீனா 2030க்கு முன் நிலவில் கால் வைப்போம் என்கிறது. புதிய வீடுகள் வரும், வாசல்கள் பூட்டியே இருக்குமா?

இதெல்லாம் திருகோணமலையில் இருக்கிற உனக்கெதற்கு என்று கேட்பவர்கள் வரைபடத்தை எடுத்துப் பாருங்கள். ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து நேர் தெற்கே வந்தால் நாங்கள் இருக்கிறோம். பூமியின் இரண்டு துருவங்களுக்கும் மேலால் சுற்றுகிற பாதைக்குப் போகிற இந்தியாவின் பி.எஸ்.எல்.வி. ரொக்கெட் நேராகத் தெற்கே பறக்க முடியாது, எங்கள் தலைக்கு மேலால் போக வேண்டிவரும். அதனால் முதலில் தென்கிழக்காகக் கடலுக்கு மேலே போய், தீவை விலத்திய பிறகு தெற்கே திரும்புகிறது. அந்தத் திருப்பத்துக்கு எரிபொருள் செலவாகிறது, கொண்டுபோகிற சுமை குறைகிறது. தூத்துக்குடி மாவட்டம் குலசேகரபட்டினத்தில் 2024 பெப்ரவரியில் புதிய ஏவுதளத்துக்கு அடிக்கல் நாட்டியதற்கு இது ஒரு முக்கிய காரணம். அங்கிருந்து தெற்கே திறந்த கடல். எங்கள் வீடுகள் இருப்பதால் இத்தனை வருடமும் ஒரு ரொக்கெட் வளைந்து போயிருக்கிறது என்பதை நினைக்க எனக்கு நெஞ்சு நிறைகிறது. ஒருநாள் விடியச்சாமம் கிழக்கு வானில் வெள்ளை வால் ஒன்று விரிந்து விரிந்து போனதைத் தான் கடலில் நின்று பார்த்ததாக அண்ணை சொல்வார். போட்டில் இருந்த மற்றவர் கோணேசரைக் கும்பிட்டாராம்.

வளையாமல் வந்ததும் உண்டு. 2021 மே 9, கொரோனா காலம். சீன நிலையத்தின் முதல் பகுதியை ஏற்றிப்போன லோங் மார்ச் 5பியின் 20 தொன்னுக்கு மேற்பட்ட உடல் எங்கே விழும் என்று தெரியாமல் உலகம் முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தது. கடைசியில் மாலைதீவுக்குக் கிட்டக் கடலில் விழுந்தது. இந்திய ரொக்கெட்டின் துண்டும் 2023இல் அவுஸ்திரேலியக் கரையில் ஒதுங்கியது, ஒருவரும் முழுச் சுத்தம் இல்லை.

2022 ஓகஸ்டை மறந்திருக்க மாட்டீர்கள். ரொக்கெட்டையும் செய்மதியையும் கண்காணிக்கிற சீனாவின் யுவான் வாங் 5 கப்பல் அம்பாந்தோட்டைக்கு வந்தது. இந்தியா வேண்டாம் என்றது, கொழும்பு முதலில் பொறுக்கச் சொன்னது, பிறகு விட்டது. 16ஆம் திகதி வந்து 22ஆம் திகதி போனது. அதே கிழமையில்தான் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாயிலிருந்து 340 ரூபாய்க்கு ஏறியது. எங்கட வள்ளங்கள் எண்ணெய் இல்லாமல் மணலில் கவிழ்த்துக் கிடந்தன. இரண்டு பெரிய நாடுகளின் விண்வெளிப் போட்டி எங்கட துறைமுகத்தில் வந்து நின்றபோது, எங்கட ஆட்கள் கடலுக்கே போகவில்லை. அதை என்னால் மறக்க முடியாது.

பெரியவர்களின் போட்டி எங்களுக்குப் புதிதில்லை. போர்த்துக்கேயர், ஒல்லாந்தர், பிரெஞ்சுக்காரர், ஆங்கிலேயர் எல்லோருக்கும் இந்தத் துறைமுகம் வேண்டியிருந்தது. 1942 ஏப்ரல் 9 அன்று யப்பான் விமானங்கள் குண்டு போட்டன. சீனக்குடாவில் எண்ணெய்க் குதங்கள் இன்றும் நிற்கின்றன, அவற்றுக்கு இன்றும் போட்டி இருக்கிறது.

அதனால்தான் சொல்கிறேன். ககன்யான் ஆட்களோடு கிளம்பிக் கொஞ்ச நேரத்தில் ஏதும் நடந்தால் அவர்கள் விழப்போவது வங்காள விரிகுடாவில். எங்கள் கடல். 1967 விண்வெளி ஒப்பந்தம் விண்வெளி வீரர்களை மனிதகுலத்தின் தூதுவர்கள் என்கிறது. 1968இல் வந்த மீட்பு ஒப்பந்தம், எந்த நாட்டவராக இருந்தாலும் தன் எல்லைக்குள் விழுந்தவரை உடனே மீட்டு உதவ வேண்டும் என்கிறது. திருகோணமலைத் துறைமுகம் இதற்கு முன்வரட்டும் என்பது என் கருத்து. ஒற்றுப் பார்க்கிற கப்பலுக்கும் வேண்டாம், போர்க்கப்பலுக்கும் வேண்டாம். விழுந்தவரைத் தூக்குகிற கப்பலுக்கு இடம் கொடுப்போம். அவர் ககன்யானுக்குத் தேர்வான, சென்னையில் பிறந்த அஜித் கிருஷ்ணனாக இருந்தாலும் சரி, சீனத்துப் பெண்ணாக இருந்தாலும் சரி.

நடக்கிற காரியமா என்று கேட்பீர்கள். வாடியில் கேட்டுப் பாருங்கள். இழுவைப் படகுகளால் வலை அறுபட்டு, வயிறெரிந்து ஏசுகிறவர்கள் இவர்கள். அந்தக் கோபம் நியாயமானது, அதை நான் ஒருநாளும் மறைத்து எழுத மாட்டேன். ஆனால் எஞ்சின் நின்று மிதக்கிற போட்டைக் கண்டால் எந்த ஊர் என்று கேட்கமாட்டார்கள். "கயிறு போட்டிட்டுத்தான் மற்றக் கதை" என்பார் அண்ணை. இந்த ஒழுங்கு கடலில் எவ்வளவோ காலமாக இருக்கிறது. வானத்தில் இன்னும் வரவில்லை.

செய்ய வேண்டியது சின்ன வேலைதான். ஏவுகிற நாள், விலத்த வேண்டிய கடற்பகுதி, இவை தமிழிலும் சிங்களத்திலும் ஒவ்வொரு வாடிக்கும் வரவேண்டும். கலமோ துண்டோ மிதந்தால் வெறுங்கையால் தொடாதே, காற்றுக்கு மேல்பக்கம் நில், எரிபொருள் நஞ்சு என்று ஒரு தாளில் எழுதி ஒட்ட வேண்டும். மீனவர் சங்கங்களில் இருக்கிற நண்பர்கள் யாராவது என்னோடு சேர்ந்தால் அந்தத் தாளை நானே எழுதித் தருகிறேன்.

அன்று வாடியில் சுக்லா கலத்திலிருந்து வெளியே வந்து, இரண்டு பக்கமும் ஆட்கள் தாங்க, நிற்க முயன்று சிரித்த பிறகு, ஊசியைத் திரும்பக் கையில் எடுத்துக்கொண்டு அண்ணை கேட்டார்: "மாஸ்டர், நாளைக்கு இப்பிடி ஒண்டு எங்கட பக்கம் விழுந்து நாங்கள் கண்டால், ஆருக்குப் போன் எடுக்கிறது?"

அந்த இலக்கம் என்னிடம் இல்லை.