மூக் இல்லை, சால்டரிங் அயர்ன்!
'ஃபர்பிடன் பிளானட்' என்ற ஹாலிவுட் அறிவியல் புனைகதைப் படத்தின் இசை மூக் சிந்தசைசரில் (மின்னணு முறையில் ஒலி எழுப்பும் கருவி) வாசித்தது என்று ஒருவர் எழுதியிருக்கிறார். காலமே ஒத்துவரவில்லை. படம் வந்தது 1956இல். ராபர்ட் மூக் தன் சிந்தசைசரைக் கொண்டுவந்தது 1964இல்.

அந்தப் படத்தின் இசையைச் செய்தவர்கள் லூயிஸ், பீபி பாரன் தம்பதி. ஸ்டூடியோக்களின் சம்பளப் பட்டியலில் இல்லாதவர்கள், நியூயார்க்கில் சொந்தமாக ஒலிக்கூடம் வைத்திருந்தவர்கள். இயந்திரங்களும் உயிர்களும் தம்மைக் கட்டுப்படுத்திக்கொள்ளும் விதம் பற்றிக் கணிதவியலாளர் நோர்பர்ட் வீனர் எழுதிய 'சைபர்நெட்டிக்ஸ்' நூலைப் படித்துவிட்டு, லூயிஸ் வால்வுகளை (பழைய ரேடியோக்களில் இருக்கும் வெற்றிடக் குழாய்கள்) வைத்து சர்க்யூட்டுகளைத் தானே சால்டர் செய்தார். அதிக மின்சாரம் ஏற்றினால் அவை முனகும், அலறும், கடைசியில் கருகிச் செத்துப்போகும். செத்த சர்க்யூட் அதே சத்தத்தை மறுபடி தராது. அதனால் எல்லாவற்றையும் டேப்பில் பிடித்துவிடுவார்கள். அப்புறம் மணிக்கணக்கில் அந்த டேப்புகளைக் கேட்டு, எது தேறும் என்று பொறுக்கி எடுப்பது பீபியின் வேலை. வேகத்தைக் குறைத்தும் எதிரொலி சேர்த்தும்தான் அந்த ஒலிகள் படத்துக்குப் போயின. (என்னைக் கேட்டால், பாதி இசை அந்தப் பொறுக்கலில்தான் இருக்கிறது.)

தெரமினும் (கையால் தொடாமலே வாசிக்கும் மின்னணு இசைக்கருவி) இல்லை, அது 1951இல் வந்த 'தி டே தி எர்த் ஸ்டுட் ஸ்டில்' படத்தில் கேட்பது.

டைட்டிலில் 'இசை' என்றே போடவில்லை, 'எலெக்ட்ரானிக் டோனாலிட்டீஸ்' (மின்னணு ஒலிகள் என்பதுபோல) என்றுதான் இருக்கும். இசைக்கலைஞர் சங்கத்தோடு தகராறு வரக்கூடாதே என்றுதான்.